ஒரே மின்தேக்கிக்குள் இரண்டு மின்காப்புப் பொருள்கள்

1837-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரு பித்தளைக் கோளங்களின் இடைவெளியில் கீழ்ப்பாதியை மட்டும் அரக்கால் நிரப்பி, காற்று மட்டுமே இருந்த அதே அளவுள்ள இன்னொரு கருவியோடு ஒப்பிட்டபோது, அதன் மின்தேக்குத்திறன் (ஒரே மின்னழுத்தத்தில் எவ்வளவு மின்னூட்டத்தைச் சேமிக்கும் என்ற அளவு) ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது. காற்றிருந்த மேல்பாதியின் பங்கு அரை என்றால், மீதமுள்ள ஒன்றை அரக்கிருந்த பாதியே தந்திருக்க வேண்டும்; ஆகவே அரக்கின் மின்காப்பு மாறிலி, அதாவது காற்றுக்குப் பதில் அந்தப் பொருளை நிரப்பினால் மின்தேக்குத்திறன் எத்தனை மடங்காகும் என்ற எண், சுமார் 2 ஆகிறது.

இங்கே கூட்டல் செல்லுபடியாவதற்குக் காரணம், இரு பாதிகளும் அதே இரண்டு கோளங்களைத் தொடுவதால் இரண்டுக்கும் மின்னழுத்த வேறுபாடு ஒன்றே என்பதுதான். இது பக்க இணைப்பு. பொருள்களைத் தட்டுகளுக்கு இணையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அவை சந்திக்கும் பரப்பு முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். அங்கே மெல்லிய உலோகத் தாளைச் செருகினாலும் எதுவும் மாறாது. ஆகவே அது தொடரிணைப்பு. மின்தேக்குத்திறன்களின் தலைகீழ் மதிப்புகளையே கூட்ட வேண்டும்.

100 சதுர செ.மீ. பரப்பும் 2 மி.மீ. இடைவெளியும் கொண்ட இணைத்தட்டு மின்தேக்கியில் காற்று மட்டும் இருந்தால் சுமார் 44 பிக்கோஃபாரட் கிடைக்கும். மாறிலி 6 உள்ள கண்ணாடியைப் பக்கவாட்டில் பாதிக்கு நிரப்பினால் அது 155 ஆகிறது. அதே அளவு கண்ணாடியை 1 மி.மீ. தகடாகத் தட்டின்மேல் பரப்பினாலோ 76 மட்டுமே. கண்ணாடிக்குப் பதிலாக எவ்வளவு பெரிய மாறிலியுள்ள பொருளை வைத்தாலும், மிஞ்சிய காற்றடுக்கு 89-ஐத் தாண்ட விடாது.

பக்கவாட்டும் அடுக்கும் கலந்த தேர்வுக் கணக்குகளில், பக்க இணைப்பையா தொடரிணைப்பையா, எதை முதலில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இரண்டு விடைகள் வருவதுண்டு. பாடநூல்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. உண்மை மதிப்பு அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும்.

அடுக்கமைப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மின்னழுத்தம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஏழில் ஆறு பங்கு காற்றின்மீதே விழுகிறது. காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 வோல்ட் தாங்கும் எனக் கொண்டால், காற்று மட்டும் இருந்த மின்தேக்கி 6000 வோல்ட் வரை தாங்கும். கண்ணாடித் தகட்டை வைத்தபின், 3500 வோல்ட்டிலேயே காற்றடுக்கில் மின்னிறக்கம் தொடங்கிவிடும். திண்மக் காப்புக்குள் சிக்கிய காற்றுக் குமிழிக்கும் இதே கதிதான் என்பதால், உயர் மின்னழுத்த மின்தேக்கிகளின் காகிதத்தை வெற்றிடத்தில் உலர்த்தி, காற்று புகாதபடி எண்ணெயில் ஊறவைக்கிறார்கள்.