தப்பும் தப்பித்தலும்: விபத்து அறிக்கையில் நாம் எழுதும் சொல்

மணலி, எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். இங்கே விபத்து விசாரணைகள் பெரும்பாலும் "கவனக்குறைவு" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகின்றன. 'காரணம்' என்ற கட்டத்தில் அதை எழுதிக் கையொப்பமிட்டால் மறுநாள் தொழிலாளிக்கு மெமோ போகும். இயந்திரம் இருந்தபடியே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் மூன்று பம்புகள் வரிசையாக நின்றன. ஏ ஓடிக்கொண்டிருந்தது, பழுதான பி-யைப் பிரிக்கப் பர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) கொடுத்திருந்தார்கள், சி, தேவைப்பட்டால் ஓட்டுவதற்கான ஸ்டான்ட்பையாக, சூடான கண்டன்சேட் நீர் (நீராவி குளிர்ந்து ஆன நீர்) நிரம்பி நின்றது. மதியம் 2 மணி ஷிப்டில் வந்த பிட்டர் (இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் தொழிலாளி), இருட்டிய பிறகு, பி என்று நினைத்து சி-யின் ஃபிளேஞ்ச் (பைப் இணைப்பு) போல்ட்டுகளைக் கழற்றியதில் வெந்நீர் பீறிட்டு, வலது முழங்காலுக்குக் கீழே தோல் கொப்புளித்துவிட்டது. முதலுதவி அறையில் அவர், "மிஸ்டேக் ஆயிடுச்சு சார்" என்றார். அருகில் நின்ற சூப்பர்வைசர், "சுத்த அலட்சியம் சார், பார்த்துக் கழட்ட வேணாமா?" என்றார்.

இரண்டுமே சரியான சொல் அல்ல. அலட்சியம் என்றால், ஆபத்து தெரிந்திருந்தும் பொருட்படுத்தாமல் விட்டது என்று பொருள். பிட்டருக்கோ அது தெரியவே தெரியாது. "மிஸ்டேக் ஆயிடுச்சு" என்பதில் செய்தவரே இல்லை, மழை பெய்ததுபோல் அது தானாக ஆகிவிடுகிறது. "தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லக் கூசும் இடத்தில்தான் நம் ஆட்கள் இந்த ஆங்கிலச் சொல்லை எடுக்கிறார்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், எண்ணம் சரியாக இருந்து கை பிசகுவதையும், செய்ய வேண்டியதை மறந்துவிடுவதையும், தவறாகக் கணித்து முடிவெடுப்பதையும், தெரிந்தே விதியை மீறுவதையும் தனித்தனியாகப் பிரித்தார். தமிழில் கைப்பிசகு, மறதி, தப்புக்கணக்கு, விதிமீறல் என்று அந்நான்குக்கும் சொற்கள் இருக்கின்றன. இருந்தும் அறிக்கையில் அவற்றை எழுதுவோர் அரிது.

மறுநாள் காலை பம்புகளைப் போய்ப் பார்த்தேன். புதிதாகச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள், எண் தகடுகளின் மேலும் சேர்த்து. சாவியால் சுரண்டிய பிறகுதான் சி என்ற எழுத்து தெரிந்தது. யாரும் மின்சாரம் போட்டுவிடாதபடி பி-க்குப் போட்ட பூட்டு ஸ்விட்ச் ரூமில் தொங்கியதே தவிர, பம்பின் அருகில் அடையாளம் எதுவும் இல்லை. பிட்டருடையது தப்புக்கணக்கு, அப்படிக் கணக்குப் போட வைத்தது பெயின்ட்.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. இரண்டு வாரம் முன்பு வேறொருவர் அதே சி-யில் ஸ்பானரை வைத்து, பைப்பின் சூடு கையில் பட்டதும் பின்வாங்கியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "அதான் தப்பிச்சிட்டேனே சார்" என்றார். தமிழில் தப்பு என்பது குற்றமுமாகும், தப்பு என்ற வினை ஆபத்திலிருந்து மீள்வதுமாகும். பிழையும் அப்படியே, செய்தால் பிழை, உயிரோடு மீண்டால் பிழைத்தார். மீளாதவரைப் பற்றி, "தவறிவிட்டார்" என்கிறோம். ஆனால் தப்பித்ததை எழுதுவதற்கு எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. அப்போது நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆவது பிரிவும், உயிரிழப்பு நேர்ந்த, அல்லது காயத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போன விபத்துக்குத்தான் பொதுவாக அறிவிப்பு கேட்டது.

காவல் நிலையத் தமிழ் வேறு. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற தொடர் வாகன விபத்து வழக்குகளில் அப்படியே திரும்பத் திரும்ப வரும். உயிரிழப்பு நேர்ந்தால் அஜாக்கிரதை என்ற சொல்லின் எடை கூடிவிடும்: இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டாக இருந்த சிறைத்தண்டனை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் பொதுவாக 5 ஆண்டுவரை ஆகியிருக்கிறது. அந்தச் சொல்லை ஆலை அறிக்கையில் போகிறபோக்கில் எழுதுபவர்கள் இதை அறிந்து எழுத வேண்டும்.

பிட்டருக்குத் தயாரான மெமோவை நிறுத்தச் சொல்லி வாதாட வேண்டியிருந்தது. அறிக்கையில் 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, "எண் தகடு மறைந்திருந்ததால் பம்பு மாறிப்போனது" என்று எழுதினேன். அடுத்த பெயின்டிங் கான்ட்ராக்டில் ஒரு வரி சேர்ந்தது: அடிப்பதற்கு முன் எண் தகடுகளின் மேல் டேப் ஒட்ட வேண்டும்.