முன்னால் கேட்கிற சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஃபோர்-வீல் டிரைவ் வண்டியில் முன்பக்கம் சத்தம் வந்தால் காதை மட்டும் நம்பக் கூடாது. இடது சக்கர பேரிங் முனகுவது வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் காலடியில் கேட்கும். எஞ்சின் சக்தியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் உண்டாகும் சத்தம் டாஷ்போர்டுக்குள் இருந்து வருவது போலிருக்கும். சேஸிஸ், ஆக்சில், பாடி எல்லாமே எஃகு. எஃகு சத்தத்தைக் கூசாமல் கடத்தும். அதனால் "எங்கே கேட்கிறது?" என்பதை விட "எப்போது கேட்கிறது, எதைச் செய்தால் மாறுகிறது?" என்பதே உதவும் கேள்வி. இதைக் கேட்காமல் "பேரிங்கை மாத்திப் பாப்போம், அப்புறம் ஷாஃப்ட் முனையில இருக்கிற கிராஸ் ஜாயின்ட்டை மாத்திப் பாப்போம்" என்று இறங்கினால் வண்டியின் பாதி பாகம் புதிதாகிவிடும், சத்தம் மட்டும் பழையபடியே இருக்கும்.

முன்பக்கம் என்னென்ன சுழல்கிறது என்று பார்த்துவிடுவோம். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து ஒரு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது சுழலும் நீண்ட தண்டு, பின் ஆக்சிலுக்கும் இன்னொன்று முன் ஆக்சிலுக்கும் போகிறது. முன் ஷாஃப்டின் முனையில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம், அது சுழற்றும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம், நடுவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல், இரு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட், கடைசியில் சக்கரம் பொருந்தும் ஹப்பும் சக்கரமும். லீவர் 2எச்-இல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) இருந்தால் முன்பக்கம் ஓய்வில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இணைப்பைத் துண்டிக்கும் வசதி இல்லாத வண்டியில் அப்படி இல்லை. எஞ்சின் முன்பக்கத்தைச் சுழற்றாவிட்டாலும் சாலை சுழற்றுகிறது. சக்கரம் ஆக்சிலை, ஆக்சில் கிரவுனை, கிரவுன் பினியனை, பினியன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத் திருப்பிக்கொண்டே போகும். ஃபோர்-வீலையே தொடாத வண்டியிலும் முன் கிராஸ் தேய்வது இதனால்தான்.

இந்தப் பாகங்கள் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை என்பது நமக்கு நல்லது. 235/75 ஆர்15 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு 7 முறை சுற்றும். பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 41 பல் என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 30 சுற்று. கிரவுனும் பினியனும் நொடிக்கு 300 முறை பல்லோடு பல் சேரும். காது நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே கேட்காது. ஆகவே பேலன்ஸ் போன சக்கரம் ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் உதறலாகத் தெரியும். ஷாஃப்டின் கோளாறு அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று உறுமும். கிரவுன் பினியன் கோளாறு மெல்லிய ஊளையாக எழும். மூன்றும் வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும், ஆனால் சுருதி வேறு. அலைவெண் காட்டும் செயலி ஒன்று போனில் இருந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் 60-இல் அதைப் பார்த்துச் சொல்லலாம். 300-க்குப் பக்கத்தில் ஒரு கூர்முனை நின்றால் சந்தேகம் பினியன் மேல் போகும்.

அடுத்தது சாலைச் சோதனை. ஆளில்லாத நேரான ரோட்டில் 60-இல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினும் கிளட்சும் வழக்கிலிருந்து விடுதலை. பிறகு கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால், பல்லின் எந்தப் பக்கம் சுமை விழுகிறது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது என்று அர்த்தம்; கிரவுன் பினியனின் குணம் அது. 2எச்-இல் இந்தச் சோதனை பின் ஆக்சிலைத்தான் விசாரிக்கும். முன் ஆக்சிலுக்குச் சுமை போக 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) வேண்டும், அதற்கு மண் ரோடு வேண்டும். சத்தம் தார் ரோட்டில் ஒரு மாதிரி, கான்கிரீட்டில் வேறு மாதிரி என்றால் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சக்கர பேரிங்குக்கு வளைவுதான் சோதனை. இடப்பக்கம் ஒடித்தால் பாரம் வலது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு. இன்னொரு வழியும் உண்டு: சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு மறு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணலை அரைப்பது போல விரல் நுனியில் நறநறக்கும். காதுக்கு எட்டாததும் விரலுக்கு எட்டிவிடும்.

பழைய ஜீப்புகளில் இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஹப்பின் முகத்தில் கையால் திருப்பும் பூட்டு. அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948-இல் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போரிலிருந்து மிஞ்சிய வில்லீஸ் ஜீப்புகளுக்காக இதைச் செய்து விற்றுத்தான் பெயர் வாங்கியது. பூட்டைத் திறந்துவிட்டால் சக்கரம் மட்டும் சுற்றும். ஆக்சில், கிரவுன், முன் ஷாஃப்ட் எல்லாம் நின்றுவிடும். ஹப்பைத் திறந்து ஒரு ஓட்டம், பூட்டி இன்னொரு ஓட்டம், இரண்டுமே 2எச்-இல். திறந்தபோது சத்தம் போய்விட்டால் குற்றவாளி ஆக்சில், கிரவுன், முன் ஷாஃப்ட் இவற்றுள் ஒன்று. போகாவிட்டால் பேரிங் அல்லது டயர். சுசூகி ஜிம்னியில் இந்தப் பூட்டை வெற்றிடக் குழாய் இயக்குகிறது. குழாயில் கசிவு இருந்தால் ஹப் பாதி பூட்டி, பாதி விட்டு, கரகரவென்று பல்லைக் கடிக்கும்.

ஹப் பூட்டு இல்லாதவர்கள் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையே கழற்றிவிட்டு 2எச்-இல் ஓட்டிப் பார்க்கலாம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன் பின் ஷாஃப்டுகளுக்கு இடையே உள்ள சென்டர் டிஃபரென்ஷியலைப் பூட்டாமல் இதைச் செய்தால் வண்டி நகராது. கழற்றுவதற்கு முன்பு, போல்ட் போடும் தட்டான ஃபிளாஞ்சிலும், நடுவில் வழுக்கி நீளும் பல்வரியான ஸ்ப்ளைனிலும் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். காரணம், கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி கோணத்தில் ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்றரை. 30 டிகிரியில் 15 வரை போகும். ஒரு முனையின் ஏற்றத்தை மறுமுனையின் இறக்கம் ஈடுகட்டும்படி இரண்டு கிராஸையும் ஒரே வாக்கில் வைத்திருக்கிறார்கள். ஸ்ப்ளைனை வாக்கு மாற்றிப் போட்டால் இல்லாத சத்தம் ஒன்றை நாமே உண்டாக்கிவிடுவோம்.

கழற்றிய கிராஸைக் கையில் வைத்துப் பார்த்தால் கதை தெரியும். மூடியின் ஓரத்தில் செம்மண் போல நுண்ணிய தூள் ஒட்டியிருந்தால் கிரீஸ் வற்றி ஊசி பேரிங் துருப்பிடித்துவிட்டது. மூடியை எடுத்தால் கிராஸின் கையில் ஊசிகள் அமுங்கிய இணைகோடுகள் நகத்தில் தட்டுப்படும். இந்தக் கட்டத்தில் மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல 'கிரீச் கிரீச்' என்று கேட்கும். கண்ணாடியை இறக்கி, ஒரு காம்பவுண்டு சுவரை ஒட்டி ஓட்டினால் சுவர் அதைத் திருப்பித் தரும்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது 'டக் டக் டக்' என்றால் அது வேறு ஜாயின்ட். ஃபோர்டு எஞ்சினியர் ஆல்ஃபிரட் ர்செப்பா 1920-களில் வடிவமைத்த, ஆறு குண்டு கொண்ட ஜாயின்ட் கோணத்திலும் சீராகச் சுற்றும். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்துவிட்டால் குண்டுகள் தங்கள் பள்ளத்தைக் குடையும். அதுதான் அந்த டக் டக். ஜீப் ராங்ளர் ஜேகே-யில் ஒரு வேடிக்கை: சக்கரத்தருகே கிராஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் ர்செப்பா. வண்டியை உயரமாக்கினால் ஷாஃப்டின் உறைதான் முதலில் கிழிகிறது.

கோளாறே இல்லாத சத்தங்களும் உண்டு. தேவைப்படும்போது மட்டும் 4எச் போடும் பார்ட்-டைம் ஃபோர்-வீலில், அதைப் போட்டதும் முன் பின் ஷாஃப்ட் இரண்டும் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் ஆக்சில் போகும் தூரம் அதிகம். ஆக்சில்களின் இடைவெளி இரண்டரை மீட்டர், பின் ஆக்சில் 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால் முன்பக்கம் நூற்றுக்கு 12 பங்கு கூடுதலாக ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அது முடியாமல் ஷாஃப்டுகள் முறுக்கேறி, வண்டி திமிறி, டப்பென்று விடும். லீவரும் 2எச்-க்கு வர மறுக்கும். நேராகச் சற்று ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு இறங்கிவிடும். மெக்கானிக் தேவையில்லை, தார் ரோட்டில் 4எச் போடாமல் இருந்தால் போதும்.

எல்லாச் சோதனையையும் ஏமாற்றுகிற ஒரு கோளாறு டொயோட்டா டகோமா, எஃப்ஜே குரூஸர் வைத்திருப்பவர்களிடம் பிரபலம். 2எச்-இல் 60, 70 வேகத்தில் முன்பக்கம் உறுமும். 4எச் போட்டதும் நின்றுவிடும். இந்த வண்டிகளில் 2எச்-இல் முன் ஆக்சிலின் ஒரு பக்கம் மட்டும் துண்டிக்கப்படுகிறது. மறுபக்க ஷாஃப்ட் சுமையில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கும் ஊசி பேரிங் தளர்ந்தால் ஷாஃப்ட் உள்ளே அலைபாயும்; சுமை ஏறினால் அடங்கிவிடும். ஃபோர்-வீல் போட்டதும் சத்தம் போகிறதே என்று முன் ஆக்சிலைச் சந்தேகத்திலிருந்து விடுவித்தால் தேடல் தப்பான திசையில் போய்விடும்.

எல்லாம் பார்த்தும் சந்தேகம் டிஃபரென்ஷியலிலேயே நின்றால் ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டியதுதான். காந்தம் வைத்த டிரெய்ன் பிளக்கில் கருஞ்சாந்து போல நைசாக ஒட்டியிருந்தால் வயதுக்கு ஏற்ற தேய்மானம். செதிலாகவோ பல்லின் மூலையாகவோ வந்தால் ஹவுசிங்கைத் திறந்தாக வேண்டும். வடிக்கும் முன் ஆயில் ஊற்றும் மேல் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துரு பிடித்த மேல் பிளக் அசையாமல் போய், கீழே ஆயிலும் வடிந்துவிட்டால், டோ செய்துதான் வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும். அப்போதும் ஹப் பூட்டியிருந்தாலோ பூட்டே இல்லாத வண்டியாக இருந்தாலோ முன் சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும்.