கழிப்பறைக்குப் போக பயமா?

ஒரு பள்ளி எப்படி என்று விசாரித்தால் முதலில் தேர்ச்சி விகிதத்தைத்தான் சொல்வார்கள். அங்கே படிக்கும் பிள்ளை பயமில்லாமல் இருக்கிறதா, புரியாததை எழுந்து கேட்கத் துணிகிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் இதையும் அளக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களிலிருந்து அந்நகரப் பள்ளிகளில் கொடுத்துவரும் கேள்வித்தாள்தான் அளவுகோல்.

"பள்ளியில் பாதுகாப்பாக இருக்கிறாயா?" என்று மொட்டையாகக் கேட்பதில்லை. இடம் இடமாகக் கேட்கிறார்கள். வகுப்பறையில் எப்படி? தாழ்வாரத்திலும் கழிப்பறையிலும்? வீட்டிலிருந்து வந்துபோகும் வழியில்? பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில்? பாதுகாப்பே இல்லை என்பதிலிருந்து மிகவும் பாதுகாப்பு என்பது வரை ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள். இதில் கழிப்பறையைச் சேர்த்தவரைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆசிரியரின் கண் எட்டாத இடம் அது. அங்கே போக பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கு எப்படி ஏறும்?

வந்த பதில்களை அப்படியே கூட்டிச் சராசரி போடுவதும் இல்லை. டென்மார்க் கணித அறிஞர் ராஷ் 1960-ல் வெளியிட்ட ஒரு முறை இங்கே உதவுகிறது. உயரம் தாண்டும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் பயமில்லை என்பது தாழ்ந்த கம்பு, பெரும்பாலோர் தாண்டிவிடுவார்கள். வெளித்தெருவில் பயமில்லை என்பது உயரமான கம்பு. எந்தக் கம்பு எவ்வளவு உயரம் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் பிள்ளையின் நிலை முடிவாகிறது. தெருவில் பயமில்லை, வகுப்பில்தான் பயம் என்று ஒரு தாள் வந்தால் அது தனியே தெரியும். கவனமில்லாமல் நிரப்பியதாக இருக்கலாம். அந்த வகுப்பில் உண்மையிலேயே ஏதோ நடக்கிறது என்றும் இருக்கலாம்.

அடுத்து, அளந்தது பள்ளியையா, பிள்ளைகளின் சுபாவத்தையா என்று பார்க்க வேண்டும். ஒரே பள்ளிக்குள் பதில்கள் ஓரளவு ஒத்துப்போய், பள்ளிக்குப் பள்ளி மாறினால்தான் அதைப் பள்ளியின் குணம் எனலாம்.

பிள்ளைகளை அவர்களைப் பற்றியே கேட்டால் சிக்கல் கூடுகிறது. பாஸ்டன் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. கண்டிப்பான சில பள்ளிகளின் மாணவர்கள் மதிப்பெண்ணிலும் வருகையிலும் முன்னேறியிருந்தார்கள். ஆனால் சுயகட்டுப்பாட்டில் தங்களுக்குக் குறைவாகவே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். சுற்றிலும் எல்லோரும் உழைக்கும்போது தன் உழைப்பு சிறிதாகத் தெரிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

சிகாகோ கேள்வித்தாள்களிலிருந்து 2011-ல் வந்த முடிவைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. குற்றமும் வறுமையும் மிகுந்த பகுதிப் பிள்ளைகள் படித்தாலும், ஆசிரியர், மாணவர், பெற்றோர் மூவருக்கும் இடையே நல்ல உறவு இருந்த பள்ளிகள் உண்டு. அங்கே படித்தவர்கள், வசதியான பகுதிப் பிள்ளைகள் படித்தும் அந்த உறவு நலிந்திருந்த பள்ளிகளில் இருந்தவர்களைவிடப் பாதுகாப்பாக உணர்ந்தார்கள்.