ஜவ்வு தைத்த தோளுக்கு ஜிம் ஊசி

சத்துவாச்சாரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பைக்கிலிருந்து விழுந்ததில் தோள்பட்டை ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி ஐந்தாவது வாரம். கழுத்தில் தொங்கவேண்டிய ஸ்லிங்கைக் காணோம். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "வலியே இல்லைங்க சார். ஜிம் மாஸ்டர் ரெண்டு ஊசி போட்டாரு" என்றார். எனக்குப் பகீரென்றது. விசாரித்தால், நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு.

"டாக்டருங்களே மூட்டுல ஸ்டீராய்டு போடறாங்களே சார்?"

பேர்தான் ஒன்று. டாக்டர் போடும் ட்ரையம்சினோலோன் போன்றவை வீக்கத்தையும் வலியையும் அடக்குபவை. அதைக்கூட ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், சீழ் பிடிக்கும் ஆபத்து கூடுகிறது என்பதால். அப்புறம் தோள் இறுகி வலித்தால், பார்த்து ஒன்று போடலாம். சர்க்கரை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், சில நாள் அளவு எகிறும்.

ஜிம் ஊசி சதை ஏற்றுவது. சிக்கலே அங்கேதான். சதைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் தேறும். ஜவ்வுக்கு அது குறைவு. எலும்பில் ஆங்கர் என்ற சின்னத் திருகு அடித்துத் தைத்த ஜவ்வு ஓரளவு பிடிக்கவே மூன்று மாதம் ஆகும். தம்பி நெசவுக் குடும்பம். "அறுந்த இழையை இப்பத்தான் முடிச்சுப் போட்டிருக்கு, உடனே தறியை முழு வேகத்துல ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன். "மறுபடி அறுந்துடும் சார்" என்று அவரே சிரித்தார்.

முயல்களிலும் செம்மறியாடுகளிலும் நான்ட்ரோலோனைச் சோதித்திருக்கிறார்கள். கிழிந்த ஜவ்வோடு சேர்ந்த தசை கொழுப்பாக மாறுவது சிலவற்றில் குறைந்தது. தையல் ஆறுவதோ ஒரு சோதனையில் மோசமாகவே இருந்தது. இதை நம்பியா கல்யாணமாகாத பையன் ஊசி போட்டுக்கொள்வது? உடம்பு சொந்தமாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு குறையும், நல்ல கொழுப்பு இறங்கும். மாஸ்டர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லையாம்.

ஆபரேஷன் செய்த டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். ஸ்கேனில் தையலின் ஒரு ஓரம் லேசாக விலகியிருந்தது. மறுபடி ஸ்லிங். கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டும் முதல் பயிற்சியிலிருந்து தொடங்கியிருக்கிறோம். அந்த மாஸ்டரின் போன் நம்பரை அன்றே வாங்கியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.