டிஸ்பேஜியா: விழுங்கல் இடர்

பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பும் முதியவர்களின் மருத்துவக் குறிப்பில் 'டிஸ்பேஜியா' என்ற சொல் அடிக்கடி காணப்படுகிறது. கிரேக்கத்தில் 'டிஸ்' என்னும் முன்னொட்டு கேட்டையும் கடினத்தையும் குறிக்கும். 'பேகெய்ன்' என்பது உண்ணுதல். துர்நாற்றம், துர்க்குணம் ஆகியவற்றில் வரும் வடமொழித் 'துர்' இந்த 'டிஸ்' உடன் ஒரே மூலத்தில் பிறந்தது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உண்ணற்கேடு' என்றாகும்; ஆனால் அது பசியின்மையையோ செரியாமையையோ நினைவூட்டிவிடும். மருத்துவ வழக்கில் சொல்லின் பொருள் சுருங்கி, உணவும் நீரும் உமிழ்நீரும் வாயிலிருந்து இரைப்பையை அடையும்வரை உள்ள வழியில் நேரும் இடரை மட்டுமே குறிக்கிறது. உண்ணல், தின்னல், பருகல், நக்கல் என்று உணவு கொள்ளும் முறைகளை நான்காகப் பகுத்த தமிழில், அந்த நான்கும் வந்து முடியும் செயல் விழுங்குதல்தான். ஆகவே 'விழுங்கல் இடர்' என்பதே பொருத்தமான தமிழாக்கம் என்பது என் கருத்து. 'விழுங்குதல் சிரமம்' என்றாலும் எல்லோருக்கும் புரியும். 'நோய்' என்று முடியும் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. இது ஓர் அறிகுறி, இதன் பின்னே பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய், உணவுக்குழாய்ச் சுருக்கம், புற்றுநோய் என எதுவும் இருக்கக்கூடும்.

கலைச்சொல்லுக்கு முன்பே மக்களிடம் இருக்கும் இரண்டு சொற்கள் இன்னும் நுட்பமானவை. 'புரை' என்றால் உள்துளை. புரையோடிய புண் என்பதிலும் அப்பொருளே உள்ளது. உணவுத் துணுக்கோ நீரோ தவறான துளைக்குள், அதாவது மூச்சுவழிக்குள், புகுவதைப் புரையேறுதல் என்கிறோம். உணவு கீழிறங்காமல் நெஞ்சுப் பகுதியில் நின்றுவிடுவதை விக்குதல் என்கிறோம். மருத்துவர்களும் இவ்விடரை இவ்வாறே இரண்டாகப் பிரிக்கின்றனர்: புரையேறுதல் பெரும்பாலும் வாய், தொண்டைக் கட்டத்தின் பழுதையும், விக்குதல் உணவுக்குழாய்க் கட்டத்தின் பழுதையும் சுட்டும். எனவே 'அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றோ, முதலில் சோறு விக்கியது, இப்போது கஞ்சியும் விக்குகிறது என்றோ சொன்னால் மருத்துவருக்குப் பாதி வழி தெளிந்துவிடும். பின்னது உணவுக்குழாய் குறுகிவருவதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், அதைத் தாமதமின்றி உள்நோக்கி (எண்டோஸ்கோப்) வழியே பார்க்க வேண்டும்.

முதுமையில் விழுங்குதல் இயல்பாகவே மெதுவாகும். தசைகள் மெலிகின்றன, பல் குறைகிறது, சில மருந்துகளால் உமிழ்நீரும் வற்றுகிறது. இம்மாற்றத்துக்கு 'பிரெஸ்பிபேஜியா' என்று தனிப்பெயர் உண்டு. 'பிரெஸ்பிஸ்' என்றால் முதியவர். வயதால் வரும் பார்வை மாற்றத்துக்கு வெள்ளெழுத்து என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்கிறது. இதற்கு 'முதுமை விழுங்கல்' என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சாப்பிடும்போதெல்லாம் இருமல் வருவதையும், விழுங்கிய பின் குரல் ஈரமாகக் கரகரப்பதையும், உடல் மெலிவதையும், காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதையும் வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நுரையீரலுக்குள் செல்லும் உணவும் உமிழ்நீரும் நிமோனியாவை உண்டாக்கும். தொண்டையின் உணர்வு மங்கியவர்களுக்கு இருமல்கூட வராமல் புரையேறும் என்பதே இதில் மிகவும் கவலைக்குரியது.

யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சியில் தட்டிக்கொடுப்பது நம் வழக்கம். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் புரையேறுதல் நாள்தோறும் நடந்தால் அது சோதிக்க வேண்டிய செய்தி. அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் பழக்கத்தையும் விழுங்கல் இடர் உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும், ஏனெனில் தலை பின்னே சாயும்போது மூச்சுவழியின் காப்பு குறைகிறது. நிமிர்ந்து உட்கார வைத்துச் சிறு மிடறுகளாகக் கொடுப்பதே பாதுகாப்பானது. மென்மையான உணவு என்று நாம் நம்பிக் கொடுக்கும் ரசஞ்சோறு பலருக்குக் கடினம்: பருக்கையை மெல்லும் முன்பே ரசம் தொண்டைக்குள் ஓடிவிடுகிறது. பருக்கையும் நீரும் பிரியாமல் ஒரே பதமாக மசித்த சோறு எளிது. பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை பதவாரியாக வகுக்கும் ஒரு பன்னாட்டு அளவுமுறையும் இப்போது வழக்கில் உள்ளது. யாருக்கு எந்தப் பதம் என்பதைச் சோதனைக்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும். நீரைக் கெட்டியாக்குவதும் எல்லோருக்கும் ஏற்றதன்று.

எழுத்தில் இதனோடு குழம்பக்கூடிய 'டிஸ்பேசியா' என்பது மொழித்திறன் பாதிப்பு. பக்கவாதத்தில் இரண்டும் சேர்ந்தே வரலாம் என்பதால் சீட்டை வாசிக்கும்போது கவனம் தேவை. இரண்டையும் சோதித்துப் பயிற்சியளிப்பவர் பேச்சுப் பயிற்சி வல்லுநரே. பேச உதவும் நாக்கும் உதடும் குரல்வளையும்தான் விழுங்கவும் உதவுகின்றன.