ஃபாண்டன்ட் கேக்கை வெட்டுவதா, அறுப்பதா?

கல்யாணக் கேக்கின் மேல் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான ஃபாண்டன்ட், கத்தி இறங்கியதும் கோணலாகக் கிழிந்து, உள்ளிருக்கும் பட்டர் கிரீமும் பிதுங்கிவிடுகிறதே, ஏன் என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஃபாண்டன்ட் என்பது பொடித்த சர்க்கரையோடு குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், கிளிசரின் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, சப்பாத்தியைப் போல மெல்லியதாகத் தேய்த்துப் போர்த்தும் தோல். அதன் அடியில் இருப்பவையோ வழுக்கும் கிரீமும், காற்றறைகள் நிறைந்த கேக்கும். ஆகவே கத்தியை நேராக அழுத்தினால் தோல் உடனே பிளப்பதில்லை. கத்தியோடு சேர்ந்து குழிகிறது, கேக் அமுங்குகிறது, கிரீம் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. கடைசியில் தாங்க முடியாமல் தோல் கிழியும்போது, கத்தியின் கோட்டிலேயே கிழிய வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

தமிழில் வெட்டுதல் வேறு, அறுத்தல் வேறு. அந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது. சென்னை ஐஐடியில் படித்து, ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் மகாதேவனும் அவருடைய சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடற்பாசியிலிருந்து எடுக்கும், ஜெல்லி போன்ற அகர் கூழை மெல்லிய கம்பியால் அறுத்துப் பார்த்தார்கள். கம்பியை வெறுமனே அழுத்தினால், கூழ் பெருமளவு நசுங்கிய பிறகே பிளவு தொடங்குகிறது. அழுத்திக்கொண்டே நீளவாக்கில் இழுத்தாலோ, கம்பியை ஒட்டிய சிறு இடம் மட்டும் சறுக்கி இழுபட்டு, மிகக் குறைந்த அழுத்தத்திலேயே பிளவு பிறந்துவிடுகிறது. அரிவாள்மனையில் தக்காளி நசுங்காமல் துண்டாவதும் இப்படித்தான்: கை தக்காளியை முன்னே தள்ள, அது வளைந்த அலகின் நெடுகிலும் வழுக்கிக்கொண்டே பிளக்கிறது. கூழை அறுத்துப் பார்க்கவெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள், அறுவை மருத்துவரின் கத்தியும் மென்மையான திசுவைத்தான் அறுக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தகைய அடிப்படைக் கேள்விகளுக்கு நிதி ஒதுக்கத் தயங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, பல் வைத்த நீளமான ரொட்டிக் கத்தியை எடுத்து, கையின் பாரத்தை ஏற்றாமல், முன்னும் பின்னும் இழுத்து முதலில் தோலை மட்டும் அறுங்கள். அதன் பிறகு கேக்குக்குள் கத்தி தானாக இறங்கும். கத்தியை வெந்நீரில் முக்கினால், ஏறக்குறைய 35 டிகிரி செல்சியசில் உருகிவிடும் வெண்ணெய் அலகில் அப்பாமல் வழிவிடும். ஆனால் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் சர்க்கரை கரைந்து பிசுபிசுக்கும். அடித்தட்டைத் தொட்டதும் கத்தியை மேலே தூக்காமல், தட்டை ஒட்டியபடியே உங்களை நோக்கி உருவி எடுங்கள். மேலே தூக்கினால் அலகில் ஒட்டிய தூளும் கிரீமும் வெள்ளைத் தோலில் தீற்றிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அலகைத் துடைப்பதும் இதற்காகவே.

கிரீம் இறுகட்டும் என்று கேக்கை ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லதுதான். ஆனால் குளிர்ந்த ஃபாண்டன்ட் வெளிக்காற்று பட்டதும் வேர்க்கும். சர்க்கரை அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பிசினாகிவிடும். கேக்கை மூடிய பெட்டியிலேயே வைத்து, வெளியே எடுத்த பின்பும் சிறிது நேரம் திறக்காமல் விட்டால், நீர்த்துளிகள் பெரும்பாலும் பெட்டியின் மேல்தான் படியும்.