வாண்டா என்கிற மரவாழை

நர்சரியில் கூடையில் தொங்கும் வாண்டா ஆர்க்கிட்டைப் பார்ப்பவர்கள், அது தாய்லாந்துப் பெயர் என்றோ லத்தீன் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். அது வடமொழிச் சொல். ‘வந்தா’ என்றால் மரத்தின் மேல் வளரும் செடி. புல்லுருவிக்கும் அதே பெயர்தான். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இந்தச் சொல்லைத் தாவரவியலுக்குள் கொண்டுவந்தார். 1820இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் அதைப் பேரினப் பெயராக முறைப்படி வெளியிட்டார்.

நம் பக்கத்து வறண்ட காடுகளிலும் மாந்தோப்புகளிலும் வளரும் இனம் வாண்டா டெசலேட்டா. இந்த டெசலேட்டாதான் லத்தீன். சிறு சதுரக் கற்கள் பதித்தது என்று பொருள். பூவைக் கிட்டத்தில் பார்த்தால் பெயருக்குக் காரணம் தெரியும். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும். இதழின் பின்பக்கம் வெள்ளை. நடுவில் இருக்கும் உதட்டிதழ் நீலம் அல்லது ஊதா. நல்ல வாசனையும் உண்டு. சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பர்க் 1795இல் இதை எபிடென்ட்ரம் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். அந்தக் கிரேக்கப் பெயருக்கு ‘மரத்தின் மேல்’ என்று அர்த்தம்.

தமிழில் இதன் பெயர் மரவாழை. மலையாளத்தில் மரவாழ. இலைக்கும் வாழைக்கும் ஒற்றுமை எதுவும் இல்லை; வார் மாதிரி ஒடுங்கி, நுனியைக் கடித்து எடுத்தது போல இருக்கும். கல்வாழையில் வாழை வருவது போல இதிலும் வருகிறது, அவ்வளவுதான். பழைய பெயர் என்பதற்கு அச்சிலேயே சான்று உண்டு. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த, மலபார் தாவரங்களைப் பற்றிய ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. அதன் கடைசித் தொகுதியில் ஆஞ்சிலி மரவாழ, காஞ்சிர மரவாழ, ஈட்டிமர மரவாழ என்று மரத்தின் பெயரோடு சேர்த்தே ஆர்க்கிட்டுகள் வரிசையாக வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்த பெயரிடும் முறை இது. ஆர்க்கிட் என்பதை மந்தாரை என்று சிலர் எழுதுகிறார்கள், அது வேண்டாம். மந்தாரை அவரைக் குடும்பத்து மரம்.

இப்படி மரத்தின் மேல் வளரும் செடியை ஆங்கிலத்தில் எபிஃபைட் என்பார்கள். அதற்குப் பாடநூல்கள் தரும் சொல் தொற்றுத்தாவரம். தொற்று என்றதும் இப்போது நோய்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறோமே, அந்தத் தொற்றுதான் இது. மரவாழை பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்கும். மரத்திடமிருந்து ஒரு சொட்டுச் சாறுகூட எடுக்காது. புல்லுருவி அப்படியில்லை, கிளைக்குள் உறிஞ்சியை இறக்கி மரத்தின் நீரைக் குடிக்கிறது. அது ஒட்டுண்ணி. இரண்டையும் ஒன்றாக எண்ணி மாமரத்தில் இருக்கும் மரவாழையைப் பிய்த்துப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேர் பட்டைக்கு வெளியே தடித்து ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும், ஓடினால் அது மரவாழை.

அந்த வேரைத் தெரிந்துகொண்டால் பாதி வளர்ப்பு முடிந்தது. அதன் மேல் வெலாமன் என்ற பஞ்சு போன்ற திசு போர்த்தியிருக்கிறது. காய்ந்திருக்கும்போது சாம்பல் வெள்ளியாக இருக்கும். தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரே பச்சையாக மாறும். முழுக்கப் பச்சையானதும் நிறுத்தலாம். மறுபடி வெளுக்கும்வரை மறுதண்ணீர் வேண்டாம். கோடையில் தினமும் காலையில், காற்று மிகவும் வறண்டால் மாலையிலும். அடைமழையில் தெளிக்கவே தேவையில்லை. மழைநீர் கிடைத்தால் நல்லது. உப்பு மிகுந்த போர்வெல் நீர் வேர்நுனியைக் கருக்கும்.

மண் கூடவே கூடாது. மண்ணில் புதைத்தால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். மரச்சட்டக் கூடையில் கரித்துண்டும் செங்கல் துண்டும் போட்டு நிறுத்தலாம். சொரசொரப்பான பட்டையுள்ள மரம் வீட்டில் இருந்தால் அதிலேயே கட்டிவிடுவது இன்னும் நல்லது. தேங்காய் நாரும் பருத்திக் கயிறும் போதும். வேர் பிடித்த பிறகு கயிறு தானே இற்றுப்போகும். வேர்நுனி பச்சையாக நீளத் தொடங்கும் சமயத்தில் கட்டினால் சீக்கிரம் ஒட்டும். குருத்தில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 20:20:20ஐ மிகவும் நீர்க்கக் கரைத்து, வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை.

இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தும் பூக்கவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. காலை வெயில் படும்படி நகர்த்துங்கள். உச்சிவெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை. இலை இளம்பச்சைக்கு வந்தால் சரியான இடம்.

செடி வேண்டும் என்றால் விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலோ உண்டாக்கிய கன்றாகப் பார்த்து நர்சரியில் வாங்குங்கள். காட்டில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். இதன் விதை தூசி அளவுதான், அதற்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். ஒரு மரத்திலிருந்து பிய்த்து எடுத்ததற்கு ஈடாக இன்னொன்று அதே கிளையில் வளர்ந்து பூக்கப் பல வருஷம் பிடிக்கும்.